2007: ஒரே வருடத்தில் மூன்று கல்யாணங்கள்

இந்திய விமானத்துறை வரலாற்றில் 2007 மாதிரி இன்னொரு வருடம் கிடையாது. ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், ஏர் சஹாராவை வாங்கியது. மே முடிந்து ஜூன் பிறக்கும் நேரத்தில் கிங்ஃபிஷர், ஏர் டெக்கானில் 26 சதவீதப் பங்கை எடுத்தது. ஆகஸ்டில் மத்திய அரசு தன் கையிலிருந்த ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கியது. ஐந்தே மாதத்தில் ஆறு கம்பெனிகள் மூன்றாகிவிட்டன.

அந்த மூன்றில் கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் 2019-ல் நின்றது. ஏர் இந்தியா நிற்கவில்லை. நிற்க விடாமல் நம் வரிப்பணம் தாங்கிப் பிடித்தது.

இணைப்புச் செய்தி வரும்போது பேப்பரில் என்ன இருக்கும்? பங்கு விலை, சந்தையில் எத்தனை சதவீதம், இரண்டு முதலாளிகள் கை குலுக்கும் போட்டோ. அங்கே வேலை பார்த்தவர் என்ன ஆனார், டிக்கெட் வாங்கினவர் என்ன ஆனார் என்பதெல்லாம் பின்னாடி நான்கைந்து வருடம் கழித்து, உள் பக்கத்தில், துண்டு துண்டாக வரும். அந்தத் துண்டுகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒட்டிப் பார்த்தால் வரும் படம்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் ஒரு சின்ன ஃபிளாஷ்பேக்

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சின்ன விமானத்தில் தபால் மூட்டையோடு வந்து இறங்கினார். பலருக்கும் இந்தக் கதை இவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த சர்வீஸ் பம்பாயோடு முடியவில்லை. அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகத் தபாலை மெட்ராஸுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். ஆக, ஏர் இந்தியாவின் முதல் தடத்தின் கடைசி ஸ்டாப் நம்ம ஊர்தான்.

1953-ல் நேரு அரசு விமானக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியது. உள்நாட்டில் ஓடிக்கொண்டிருந்த எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ். வெளிநாட்டுக்குப் பறக்க ஏர் இந்தியா இன்டர்நேஷனல். சட்டம் ஒன்றுதான், ஆனால் கழகங்கள் இரண்டு. இந்தப் பிரிப்பு 54 வருடம் நீடித்தது. அரை நூற்றாண்டு என்பது ஒரு நிறுவனத்துக்கு ரொம்பப் பெரிய காலம். அதற்குள் தனித்தனி சம்பள முறை, தனித்தனி யூனியன், தனித்தனி பதவி உயர்வு விதி, தனித்தனி கர்வம் எல்லாமே உருவாகிவிடும். ஏர் இந்தியாவின் அடையாளம் போயிங் ஜம்போ. இந்தியன் ஏர்லைன்ஸின் முதுகெலும்பு ஏர்பஸ் ஏ320. ஒரே முதலாளி வீட்டில் வளர்ந்தாலும், இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள்.

கேட்க நல்லாத்தான் இருந்தது

2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகள் சந்தையைப் பிடித்துக்கொண்டே வந்தன. அரசின் இரண்டு கம்பெனிகளும் தேய்ந்தன. அப்போது சொல்லப்பட்ட தர்க்கம் எளிமையானது. மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஒருத்தர் நியூயார்க் போக வேண்டும் என்றால் உள்நாட்டு விமானமும் வெளிநாட்டு விமானமும் ஒரே கம்பெனியாக இருந்தால் ஒரே டிக்கெட், ஒரே லக்கேஜ் டேக். அலுவலகம், கவுன்டர், பராமரிப்புக் கூடம் எல்லாம் இரண்டிரண்டாக வேண்டாம். வளைகுடா நாடுகளுக்கு இரண்டு கம்பெனியுமே பறந்து ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ள வேண்டாம். இதில் எதுவுமே தப்பில்லை.

தப்பு வரிசையில் இருந்தது. இணைப்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாக விமானங்களை ஆர்டர் செய்திருந்தன. ஏர் இந்தியா தரப்பில் 68 போயிங். இந்தியன் தரப்பில் 43 ஏர்பஸ். மொத்தம் 111. பெரும்பாலும் கடன் வாங்கித்தான். வீடு கட்ட இரண்டு அண்ணன் தம்பி தனித்தனியாக லோன் போட்டுவிட்டு, அப்புறம் "இனி கூட்டுக் குடும்பம்" என்று முடிவெடுத்த மாதிரி. விமானம் வாங்குவதற்கு முன்பே இணைப்பு நடந்திருக்க வேண்டும் என்பதை 2011-ல் சி.ஏ.ஜி. அறிக்கையும் சுட்டிக்காட்டியது.

2007 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. விமானத்துறை அமைச்சர் பிரஃபுல் படேல். புதுக் கம்பெனிக்கு நேஷனல் ஏவியேஷன் கம்பெனி ஆஃப் இந்தியா என்று பெயர், சுருக்கமாக நாசில். ஊழியர்கள் மட்டும் 30,000-க்கும் மேல். 2006-07-ல் இரண்டு கம்பெனிகளின் கூட்டு நஷ்டம் சுமார் 770 கோடி ரூபாய். 2008-09-ல் அது சுமார் 7,200 கோடி. இதற்கு இணைப்பு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நியாயமில்லை. 2008-ல் கச்சா எண்ணெய் விலை ஒரு கட்டத்தில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது, உலகப் பொருளாதாரம் சரிந்தது, கடனுக்கு வட்டி ஏறியது. ஆனால் புயல் வரும்போது கப்பலை நடுக்கடலில் பிரித்துப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

சீனியாரிட்டி என்னும் கண்ணுக்குத் தெரியாத சொத்து

வெளியே இருப்பவர்களுக்கு இது புரிவது கஷ்டம். ஐ.டி. துறையில் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் சம்பளம் ஏறும். விமானியின் வாழ்க்கை அப்படி இல்லை. ஒரு விமானக் கம்பெனியில் விமானியின் மிகப்பெரிய சொத்து, சீனியாரிட்டி பட்டியலில் அவருடைய நம்பர். துணை விமானி எப்போது கமாண்டர் ஆவார், சின்ன விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு எப்போது போவார், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே போவார், எல்லாவற்றையும் பெரும்பாலும் அந்த நம்பர்தான் முடிவு செய்யும்.

இரண்டு கம்பெனி இணைந்தால் இரண்டு பட்டியல்களை ஒன்றாக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி கோப்பதா? கமாண்டர் ஆன தேதிப்படி கோப்பதா? ஒரு பக்கம் பதவி உயர்வு சீக்கிரம் வரும், இன்னொரு பக்கம் தாமதமாக வரும் என்றால் எந்த முறையில் கோத்தாலும் யாரோ ஒருவர் பத்து வருட உழைப்பை இழப்பார். சாஃப்ட்வேரில் இரண்டு டேட்டாபேஸை மெர்ஜ் செய்கிற வேலை போலத்தான் தெரியும். ஆனால் இங்கே ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடன்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கொடுமையான உதாரணம் உண்டு. 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டி.டபிள்யூ.ஏ. கம்பெனியை வாங்கியது. டி.டபிள்யூ.ஏ.-யின் விமானப் பணிப்பெண்கள் சுமார் 4,000 பேரைப் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டினார்கள். இருபது, முப்பது வருட அனுபவம் உள்ளவர்கூட நேற்று சேர்ந்த பெண்ணுக்குக் கீழே. அதே வருடம் செப்டம்பர் 11 தாக்குதல். ஆட்குறைப்பு அடியிலிருந்துதானே தொடங்கும்? 2003-க்குள் அத்தனை பேரும் வெளியே. டி.டபிள்யூ.ஏ.-யின் தளமான செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசௌரி மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், மக்காஸ்கில், பாண்ட் இருவரும் விடாமல் பிடித்து, இணைப்பில் சீனியாரிட்டியை நியாயமாகக் கோக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டு வந்தார்கள். அது நிறைவேறிய வருடமும் 2007-தான்.

இரண்டு ஸ்ட்ரைக்

நம் ஊரில் என்ன நடந்தது? காகிதத்தில் கம்பெனி ஒன்றானது. சம்பளமும் பதவி உயர்வும் பழையபடி இரண்டாகவே ஓடின. ஒரே சீருடை, ஒரே லோகோ, ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும் இரண்டு விமானிகளுக்கு இரண்டு கணக்கு.

2011 ஏப்ரல் கடைசியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, ஏர் இந்தியா விமானிகளுக்கு இணையான ஊதியம். பத்து நாள் நடந்தது. சங்கத்தின் அங்கீகாரம் ரத்து, பணிநீக்கம், டெல்லி உயர் நீதிமன்றம் என்று போய், மே முதல் வாரத்தில் முடிந்தது. இதற்குப் பிறகுதான் ஊழியர் இணைப்புப் பிரச்சினையைத் தீர்க்க ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் அறிக்கை 2012 ஜனவரியில் வந்தது. கவனியுங்கள், கல்யாணம் 2007-ல். "யார் எந்த அறையில் தூங்குவது" என்று பேச ஆரம்பித்தது 2011-ல்.

அடுத்தது எதிர்ப்பக்கம். ஏர் இந்தியா போயிங் 787 ட்ரீம்லைனருக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அதற்கான பயிற்சியில் பழைய இந்தியன் விமானிகளுக்கும் பங்கு கொடுத்தபோது பழைய ஏர் இந்தியா விமானிகள் கொதித்தார்கள். "நம் கம்பெனி வாங்கிய விமானம், நம் வரிசை." 2012 மே மாதம் ஆரம்பித்த போராட்டம் 58 நாள் நீடித்து ஜூலை 3-ல் முடிந்தது. நூறு விமானிகள் அளவில் வேலையிழந்தார்கள். வெளிநாட்டுச் சேவைகள் வெட்டப்பட்டு, தற்காலிக அட்டவணை போட்டு ஓட்டினார்கள். மே, ஜூன் என்றால் பள்ளி விடுமுறை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வரும் நேரம். அந்தப் பயணிகளுக்கும் சீனியாரிட்டி பட்டியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பில் அவர்களிடமும் வந்தது.

இரண்டு தரப்பு விமானிகளையும் நான் வில்லனாகப் பார்க்கவில்லை. பழைய இந்தியன் ஆள் "ஒரே கம்பெனி என்றால் ஒரே சம்பளம் கொடு" என்றார். பழைய ஏர் இந்தியா ஆள் "பெரிய விமானத்துக்காக இத்தனை வருடம் காத்திருந்தேன், என் இடத்தை எடுக்காதே" என்றார். இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நான்கு வருடம் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஐ.சி. எங்கே போனது?

சாஃப்ட்வேர்காரனுக்கு இந்தப் பகுதிதான் சுவாரசியம். விமானக் கம்பெனிக்கு இரண்டெழுத்து குறியீடு உண்டு. ஏர் இந்தியாவுக்கு ஏ.ஐ., இந்தியன் ஏர்லைன்ஸுக்கு ஐ.சி. டிக்கெட் பதிவு, இருக்கை, போர்டிங் பாஸ், லக்கேஜ், இணை கம்பெனிகளோடு பணம் பிரித்தல் என எல்லாமே இந்தக் குறியீட்டின் மேல் நிற்கும். சட்டப்படி 2007-ல் ஒன்றான கம்பெனி, ஒரே குறியீட்டில் பறக்க ஆரம்பித்தது 2011-ல். அதுவரை "ஒரே டிக்கெட்" என்ற வாக்குறுதி பெரும்பாலும் பவர்பாயின்டில்தான் இருந்தது.

இதனால் இன்னொரு விலையும் கொடுத்தார்கள். 2007 டிசம்பரில் ஸ்டார் அலையன்ஸ் என்ற உலகக் கூட்டணி ஏர் இந்தியாவை அழைத்தது. இரண்டு சிஸ்டத்தை வைத்துக்கொண்டு அதன் நிபந்தனைகளை நிறைவேற்றுவது லேசில்லை. 2011-ல் கூட்டணி அந்த முயற்சியை நிறுத்தி வைத்தது. கடைசியில் உள்ளே போனது 2014 ஜூலையில். கிட்டத்தட்ட ஏழு வருடம்.

சிஸ்டம் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் இப்படி. அவசரமாகச் செய்தாலும் ஆபத்து. 2012 மார்ச்சில் அமெரிக்காவின் யுனைடெட், கான்டினென்டலோடு இணைந்த பிறகு ஒரே இரவில் முழு ரிசர்வேஷன் சிஸ்டத்தையும் மாற்றியது. மறுநாள் காலை விமான நிலையங்களில் கியாஸ்குகள் தடுமாறின, வரிசைகள் நீண்டன, புது ஸ்கிரீனைப் பார்த்து ஊழியர்கள் விழித்தார்கள். திட்டுவாங்கியது சிஸ்டத்தை முடிவு செய்தவர்கள் இல்லை, கவுன்டரில் நின்றவர்கள்.

சூரரைப் போற்று முடிந்த பிறகு

ஏர் டெக்கானை ஆரம்பித்த கேப்டன் கோபிநாத்தின் புத்தகத்தைத் தழுவித்தான் 'சூரரைப் போற்று' வந்தது. படம் வெற்றியோடு முடிகிறது. அதற்குப் பிறகு நடந்ததைப் படம் காட்டவில்லை.

ஏர் டெக்கான் 2003 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. ஒரு ரூபாய் டிக்கெட்டெல்லாம் விற்றார்கள். ஆர்.கே. லக்ஷ்மணின் சாமானியன்தான் கம்பெனியின் முகம். நிறையப் பேருக்கு வாழ்க்கையின் முதல் விமானப் பயணம் அது. ஆனால் நஷ்டம். 2007-ல் விஜய் மல்லையா சுமார் 550 கோடி கொடுத்து 26 சதவீதம் வாங்கினார்.

மல்லையாவுக்கு டெக்கானிடம் தேவைப்பட்டவற்றில் ஒன்று அதன் வயது. உள்நாட்டில் ஐந்து வருடம் பறந்து, 20 விமானம் வைத்திருந்தால்தான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்பது அன்றைய விதி. கிங்ஃபிஷர் தொடங்கியது 2005-ல், அப்படியென்றால் 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கானுக்கு 2008 ஆகஸ்டிலேயே ஐந்து வருடம் முடிகிறது. அதனால் சட்டப்படி கிங்ஃபிஷர்தான் டெக்கான் கம்பெனிக்குள் இணைந்தது. பிறகு அந்தக் கம்பெனியின் பெயரைக் கிங்ஃபிஷர் என்று மாற்றினார்கள். 2008 செப்டம்பரில் பெங்களூர்-லண்டன் விமானம் கிளம்பியது.

டெக்கான் முதலில் சிம்ப்ளிஃப்ளை டெக்கான் ஆனது, லோகோவில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. பிறகு கிங்ஃபிஷர் ரெட் ஆனது. மலிவு டிக்கெட் தேடி வந்த பயணிக்கு மீன்கொத்தி தேவையில்லை. கட்டணம் ஏறினால் அவர் இண்டிகோ பக்கம் போய்விடுவார், போனார். 2011 செப்டம்பரில் மலிவுச் சேவையையே விடப்போவதாக மல்லையா அறிவித்தார். ஒரு வருடத்தில் மொத்தமும் நின்றது. மாதக் கணக்கில் சம்பளம் வராத ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டவில்லை என்று வருமான வரித்துறை கம்பெனியின் கணக்குகளை முடக்கியது. டெக்கானில் சேர்ந்த ஒரு மெக்கானிக்கைக் கேட்டால், அவர் எந்த இடத்திலும் கிங்ஃபிஷரில் வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. அவர் வேலை விற்கப்பட்டது, அவர் கூடவே போனார்.

ஜெட், சஹாரா

இந்தக் கதை சுருக்கமானது. 2006 ஜனவரியில் 2,300 கோடிக்கு வாங்குவதாகச் சொன்ன ஜெட், ஜூனில் பின்வாங்கியது. வழக்கு, மத்தியஸ்தம். 2007 ஏப்ரலில் 1,450 கோடிக்கு முடிந்து சஹாரா, ஜெட்லைட் ஆனது. இந்த ஒன்றேகால் வருடமும் சஹாரா ஊழியர்கள் யாருக்கு வேலை செய்கிறோம் என்றே தெரியாமல் வேலை செய்திருக்கிறார்கள்.

2008 அக்டோபரில் ஜெட் ஒரேயடியாகச் சுமார் 1,900 பேரை நீக்கியது. சீருடையோடு அவர்கள் மும்பையில் போராடிய படங்கள் டி.வி.யில் வந்தன. ஓரிரு நாளில் நரேஷ் கோயல் முடிவை மாற்றி எல்லோரையும் திரும்ப எடுத்தார். 2019 ஏப்ரல் 17-ல் ஜெட்டின் கடைசி விமானம் பறந்தது. அப்போது யாரும் திரும்ப எடுக்கவில்லை. 2024 நவம்பர் 7-ல் ஜெட்டைக் கலைத்துச் சொத்துகளை விற்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே வாரம் இன்னொரு கல்யாணம்

அந்தத் தீர்ப்பு வந்து ஐந்தாவது நாள், 2024 நவம்பர் 12-ல், விஸ்தாரா ஏர் இந்தியாவுக்குள் கரைந்தது. இடையில் நடந்தது தெரியும். அரசு 2012-ல் 30,231 கோடி முதலீட்டுத் திட்டம் போட்டும் ஏர் இந்தியா தேறவில்லை. 2021-ல் விற்கும்போது அதன் கடன் 61,562 கோடி. டாடா ஏற்றது 15,300 கோடி, மீதி 46,262 கோடி அரசின் தலையில். 2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியா டாடா வீட்டுக்குத் திரும்பியது.

இந்த முறை சில விஷயங்களைச் சரியாகச் செய்தார்கள். ஒரே குறியீட்டுக்கு முதல் நாளே மாறினார்கள். விஸ்தாராவின் சேவையைத் தேடுபவர் அடையாளம் காண, அந்த விமான எண்களை 2-ல் ஆரம்பிக்கும் நான்கு இலக்க ஏ.ஐ. எண்களாக்கினார்கள். ஐ.சி. நான்கு வருடம் இழுத்ததோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்.

ஆனால் மனிதர் விஷயம் பழைய கதைதான். 2024 ஏப்ரலில் விஸ்தாராவின் விமானிகள் பலர் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள். ஏர் இந்தியாவோடு சமன் செய்வதற்கான புதுச் சம்பள முறையில், நிச்சய ஊதியத்துக்கான பறக்கும் நேரம் மாதம் 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைந்ததுதான் காரணம். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. அடுத்த மாதமே, ஏர் ஏசியா இந்தியாவோடு இணைந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் பணிக்குழுவினர் அதே வழியில் இறங்கினார்கள். 25 பேரை நீக்கி, பிறகு தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசி திரும்ப எடுத்தார்கள்.

பயணிகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன்று இந்தியாவில் உள்நாட்டு விமானத்தில் பறக்கும் பத்து பேரில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் இண்டிகோவிலோ ஏர் இந்தியா குழுமத்திலோதான் போகிறார்கள். 2007-ல் ஒரு கம்பெனி சொதப்பினால் இன்னொன்றுக்குத் தாவ ஆறேழு வாசல் இருந்தது. இப்போது பல வழித்தடங்களில் இரண்டு வாசல்தான், சிலவற்றில் ஒன்றே ஒன்று.

எனவே அடுத்த இணைப்புச் செய்தி வரும்போது நான் பங்கு விலையைப் பார்க்கப் போவதில்லை. சீனியாரிட்டி பட்டியலை எப்படிக் கோக்கப் போகிறார்கள் என்று இணைப்புக்கு முன்பே எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா? டிக்கெட் சிஸ்டம் எந்தத் தேதியில் மாறும்? நான் போகிற தடத்தில் மிச்சம் எத்தனை கம்பெனி இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், அந்த மாதங்களில் முக்கியமான பயணத்துக்கு அந்தக் கம்பெனியில் டிக்கெட் போடுவதைக் கொஞ்சம் யோசித்துத்தான் செய்வேன்.

1981-ல் தொடங்கிய வாயுதூத் கதையை இதில் சேர்க்க இடமில்லை. சின்ன ஊர்களுக்கென்றே அரசு நடத்திய கம்பெனி, 90-களில் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. அதைத் தனியாக எழுதுகிறேன்.